நாட்டுக்கே சோறு போடுவது யார்? வரிப் புள்ளிவிவரத்தைப் பிழையில்லாமல் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தொழிற்சாலையில் சம்பளக் கணக்குப் பார்ப்பது என் வேலை. சனிக்கிழமை மாலைகளில் சாட்ஸ்வர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் ஏழெட்டுப் பேர் கூடி, அந்த வாரம் கண்ணில் பட்ட புள்ளிவிவரங்களைப் பிரித்துப் பார்ப்போம். பட்ஜெட் வந்தாலும் சரி, வரிப் புள்ளிவிவர அறிக்கை வந்தாலும் சரி, யாராவது ஒருவர் கைபேசியை நீட்டி, "பாருங்க அண்ணே, இந்த நாட்டுல நூத்துக்கு மூணு பேர்தான் வரி கட்டுறாங்க, மத்தவங்க சும்மா சாப்பிடுறாங்க" என்பார். உடனே இன்னொருவர், "பணக்காரன் எங்கே கட்டுறான்? எல்லாம் கம்பெனி பேர்ல வச்சிருக்கான்" என்பார். இரண்டு பேரும் பார்ப்பது ஒரே அட்டவணையைத்தான்.

புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள் எப்போதும் ஒன்றே. விழும் வரிசையும் ஒன்றே. அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். இரண்டாம் படியில் ஆள் கணக்கைத் தவறவிட்டால், ஐந்தாம் படியில் சதவீதத்தை எவ்வளவு சரியாகப் போட்டாலும் விடை தப்பாகத்தான் வரும்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

நான்கு பொருள்கள் போதும்.

ஒன்று, சார்ஸ் என்று நாம் சொல்லும் தென்னாப்பிரிக்க வருவாய்ச் சேவையும் தேசியக் கருவூலமும் சேர்ந்து ஆண்டுதோறும் வெளியிடும் வரிப் புள்ளிவிவர அறிக்கை. படங்கள் உள்ள சுருக்கத்தை விட்டுவிட்டு எக்செல் அட்டவணைகளை இறக்கிக்கொள்ளுங்கள். அட்டவணைக்கு அடியில் உள்ள சிறு எழுத்துக் குறிப்புகள்தான் இந்த வேலையின் உயிர். செய்தியில் வரும் படத்தில் முதலில் வெட்டப்படுவதும் அந்தக் குறிப்புகள்தான்.

இரண்டு, அதே வரியாண்டுக்கான வரி அடுக்குப் பட்டியல், அதாவது எந்த அளவு வருமானத்துக்கு எத்தனை சதவீதம் வரி என்ற பட்டியல். "அதே" என்பதை அழுத்திச் சொல்கிறேன். அறிக்கையின் அட்டையில் உள்ள ஆண்டும் உள்ளே தனிநபர் கணக்கு முடிந்த வரியாண்டும் வேறு வேறு. தனிநபரின் வரியாண்டு மார்ச் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை. அரசின் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. அரசுக்கு வந்து சேர்ந்த மொத்த வரி நிதியாண்டுக் கணக்கில் இருக்கும், தனிநபர்களின் வருமானப் பிரிவுகள் வரியாண்டுக் கணக்கில் இருக்கும். ஒன்றை மற்றொன்றால் வகுக்கக் கூடாது.

மூன்று, புள்ளியியல் துறையான ஸ்டாட்ஸ் எஸ்ஏ தரும் மக்கள்தொகையும் வேலைவாய்ப்பு எண்ணிக்கையும்.

நான்கு, உங்கள் சொந்த ஐஆர்பி-5, அதாவது ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி முதலாளி தரும் சான்றிதழ். பலர் இதை எதற்கு என்று கேட்பார்கள். மூன்றாம் படி தாண்டியதும் கேட்க மாட்டார்கள்.

2. முதலில் ஆட்களை எண்ணுங்கள்

அட்டவணையில் "வரி செலுத்துவோர்" என்று பார்த்ததும் நாட்டின் மக்கள்தொகையால் வகுத்துவிடுவது முதல் தவறு. ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்களை வரைந்துகொள்ளுங்கள்.

வெளி வட்டம் மொத்த மக்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 6.2 கோடி. இதில் கால்வாசிக்கும் மேல் பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையையும் "வரி கட்டாதவர்" பட்டியலில் சேர்த்துத்தான் அந்த "நூத்துக்கு மூணு" போன்ற எண்கள் பிறக்கின்றன.

இரண்டாம் வட்டம் சார்ஸில் பதிவு பெற்றவர்கள். 2010 முதல் முதலாளிகள் தங்களிடம் வேலை பார்க்கும் எல்லோரையும், வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாவிட்டாலும், பதிவு செய்ய வேண்டும். ஆகவே பதிவு எண் இருப்பதாலேயே ஒருவர் வருமான வரி கட்டுகிறார் என்று ஆகாது.

மூன்றாம் வட்டம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியவர்கள். ஒரே முதலாளியிடம் ஆண்டுக்கு 5 லட்சம் ரேண்டுக்குள் சம்பளம் வாங்கி, வேறு வருமானமும் கழிவும் இல்லாதவர் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. அவருடைய வரியை மாதாமாதம் சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறோம்.

உள் வட்டம், தாக்கல் முடிந்து, சார்ஸ் மதிப்பீடும் (வரி இவ்வளவு என்று முடிவு செய்வது) முடிந்தவர்கள். வருமானப் பிரிவு வாரியாக நீங்கள் பார்க்கும் அட்டவணை இந்த உள் வட்டத்துக்கு மட்டும் உரியது.

மூன்றாம் வட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டு மாதாமாதம் வரி கட்டுகிறவர்கள் உண்டு. எங்கள் தொழிற்சாலைத் தளத்தில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். 2020 முதல் சார்ஸ் தானாகவே மதிப்பீடு போட ஆரம்பித்த பிறகு இவர்களில் பலர் அட்டவணைக்குள் வந்துவிட்டார்கள். அட்டவணையில் ஆள் கூடியதை மட்டும் பார்த்து "சம்பாதிப்பவர்கள் பெருகிவிட்டார்கள்" என்று எழுதினால் தப்பு. அவர்கள் நேற்றும் சம்பாதித்தார்கள், அட்டவணைக்குத்தான் தெரியவில்லை.

இன்னொன்று, கடைசி ஆண்டு எப்போதும் அரைகுறை. தாமதமாகத் தாக்கல் செய்கிறவர்கள் இன்னும் வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். எதிர்பார்த்தவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு மதிப்பீடு முடிந்தது என்பதை அறிக்கையே சொல்லும். அதைப் பார்க்காமல் கடைசி இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டு, "பணக்காரர்கள் நாட்டை விட்டு ஓடுகிறார்கள்" என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த ஆண்டு அறிக்கையில் அதே வரியாண்டின் எண் கூடியிருக்கும்.

3. ஆளா, வீடா?

இந்த நாட்டில் வருமான வரி தனி ஆளுக்கு. ஆனால் சோற்றுப் பானை வீட்டுக்கு ஒன்று.

ஆயா, மகள், இரண்டு பேரப்பிள்ளைகள் என்று ஒரு வீடு. ஆயாவுக்கு சாசா என்ற அரசு உதவித்தொகை நிறுவனம் தரும் முதியோர் உதவித்தொகை. மகளுக்கு அலுவலக வேலை. அட்டவணைக்குத் தெரிவது மகள் ஒருத்திதான். அவள் சம்பளத்தில் நான்கு பேர் சாப்பிடுவது அதற்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் கணவன், மனைவி இருவரும் அதே சம்பளம் வாங்கினால், அட்டவணை இந்த மூன்று பேரையும் ஒரே பிரிவில் வைக்கும். வாழ்க்கை ஒன்றா? இல்லை.

ஏற்றத்தாழ்வை 0 முதல் 1 வரை அளக்கும் ஜினி குறியீடு தென்னாப்பிரிக்காவுக்கு 0.63 என்று உலக வங்கி சொல்வதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த எண் 2014-15இல் வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பிலிருந்து வந்தது. தலைக்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பதை வைத்துப் போட்டது, வருமானத்தை வைத்து அல்ல. வரி அட்டவணையிலிருந்து நீங்கள் போடும் கணக்கை அதன் பக்கத்தில் வைத்து "கூடியது, குறைந்தது" என்று சொல்ல முடியாது. அளக்கும் கோலே வேறு.

4. "வருமானம்" என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

இப்போது ஐஆர்பி-5ஐ மேசையில் விரியுங்கள். 3601 என்ற எண்ணுக்கு எதிரே சம்பளம். 4001க்கு எதிரே ஓய்வூதிய நிதிக்குப் பிடித்தது. 4102 வருமான வரி. 4141 வேலையின்மைக் காப்பீடான யு.ஐ.எஃப்.

3601இல் 4,00,000 ரேண்ட், 4001இல் 30,000 ரேண்ட் என்று வையுங்கள். உங்கள் வரிக்குரிய வருமானம் 3,70,000. அட்டவணை உங்களை இந்த எண்ணுக்கு உரிய பிரிவில்தான் போடும். நீங்கள் சம்பாதித்தது 4 லட்சம், அட்டவணைக்குத் தெரிவது 3 லட்சத்து 70 ஆயிரம். ஓய்வூதியக் கழிவு வருமானத்தில் 27.5 சதவீதம் வரை, 2024-25 வரியாண்டில் உச்சம் 3,50,000 ரேண்டாக இருந்தது. அந்த உச்சத்தைத் தொடுகிற அளவுக்குச் சேமிக்க முடிகிறவர் யார் என்று யோசியுங்கள். வருமானம் ஏற ஏற, அட்டவணை காட்டும் எண்ணுக்கும் சம்பாதித்த பணத்துக்கும் இடைவெளி பெருகலாம்.

மேல்தட்டில் அந்த இடைவெளி சம்பளத்தோடு நிற்பதில்லை. உள்ளூர்க் கம்பெனிப் பங்குகளின் ஈவுத்தொகைக்குப் பொதுவாகக் கொடுக்கும்போதே 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள். அது வரிக்குரிய வருமானத்தில் சேராது. சொத்தை விற்ற லாபத்தில், நாம் எடுத்துக்கொள்ளப்போகும் 2024-25 வரியாண்டில், முதல் 40,000 ரேண்ட் போக மிச்சத்தில் 40 சதவீதம்தான் வருமானமாகச் சேரும். விற்காமல் வைத்திருக்கும் வீடோ பங்கோ மதிப்பு ஏறினால் ஒரு ரேண்ட்கூடச் சேராது. கம்பெனிக்குள்ளேயே விட்டுவைத்த லாபம் உரிமையாளர் பெயரில் வராது.

கீழ்த்தட்டிலும் விடுபடுபவை உண்டு. சாசா உதவித்தொகைக்கு வரி கிடையாது, அதனால் அது அட்டவணையில் இல்லை. தெருவோரத்தில் காய்கறி விற்கிற அக்காவின் வருமானமும் இல்லை. ஆனால் கீழே விடுபடுவது நூறும் ஆயிரமும். மேலே விடுபடுவது லட்சமும் கோடியும். ஆகவே வரி அட்டவணை ஏற்றத்தாழ்வை உள்ளதைவிடக் குறைத்தே காட்டும் என்பது என் கருத்து. அதைக் கருத்தாகவே சொல்லுங்கள், அட்டவணை நிரூபித்ததாகச் சொல்லாதீர்கள்.

இதே இடத்தில் எதிர்த்தரப்பும் வழுக்கி விழும். "முதலாளிக்கு ஈவுத்தொகையில் வெறும் 20 சதவீதம்தான் வரி, எனக்கு 26" என்பார்கள். கம்பெனி 100 ரேண்ட் லாபம் பார்த்தால் முதலில் 27 ரேண்ட் கம்பெனி வரி. மிச்சம் 73ஐ முழுக்க ஈவுத்தொகையாகக் கொடுத்தால் அதில் 20 சதவீதம், அதாவது 14.60. மொத்தம் 41.60. இதை மறைத்துப் பேசினால் நியாயமான கோபமும் செல்லாக்காசாகிவிடும்.

2024 செப்டம்பரில் ஓய்வூதிய நிதியை, முன்கூட்டியே எடுக்கக்கூடிய சேமிப்புப் பானை, ஓய்வு வரை தொட முடியாத பானை என்று இரண்டாகப் பிரித்ததும் நினைவிருக்கட்டும். சேமிப்புப் பானையிலிருந்து எடுத்த பணம் அந்த ஆண்டின் வருமானமாகச் சேர்ந்து வரிக்கு உள்ளாகிறது. அந்த வரியாண்டில் ஒரு பிரிவினரின் வருமானம் துள்ளியிருந்தால் சம்பளம் உயர்ந்தது என்று நினைக்க வேண்டாம். கடனை அடைக்க, கூரை போட, பிள்ளைக்குப் பீஸ் கட்ட, முதுமைக்கு வைத்திருந்ததை எடுத்தவர்களும் அதில் இருக்கிறார்கள்.

5. பத்து நாற்காலிக் கணக்கு

மண்டபத்தில் எத்தனை விளக்கம் சொன்னாலும் புரியாதது, பத்து பிளாஸ்டிக் நாற்காலியை வரிசையாகப் போட்டதும் புரிந்துவிடும். நீங்களும் காகிதத்தில் பத்துக் கட்டம் போட்டுச் செய்யுங்கள். ஆட்களும் சம்பளமும் கற்பனை. வரி விகிதம் மட்டும் உண்மை, 2024 மார்ச் முதல் 2025 பிப்ரவரி வரையான வரியாண்டின் விகிதம்.

எல்லோரும் 65 வயதுக்குக் கீழே, வேறு கழிவு எதுவும் இல்லை என்று வைப்போம். நான்கு பேருக்கு ஆண்டுக்கு 60,000 ரேண்ட். மூன்று பேருக்கு 1,20,000. இரண்டு பேருக்கு 3,00,000. ஒருவருக்கு 20,00,000. மொத்தம் 32 லட்சம்.

வரி போடுவோம். முதல் 2,37,100 வரை 18 சதவீதம், அதற்கு மேல் 3,70,500 வரை 26 சதவீதம், இப்படியே படிப்படியாக ஏறி 18,17,000க்கு மேல் 45 சதவீதம். கடைசியில், வந்த வரியிலிருந்தே எல்லோருக்கும் 17,235 ரேண்ட் கழிவு. அந்தக் கழிவினால்தான் 95,750 ரேண்ட் வரை வரியே இல்லை.

60,000 வாங்குகிறவருக்கு வரி பூஜ்யம். 1,20,000க்கு 4,365. 3,00,000க்கு 41,797. 20 லட்சத்துக்கு 7,09,604. பத்துப் பேரும் கட்டியது மொத்தம் 8,06,293.

இப்போது கடைசி நாற்காலிக்காரர் எழுந்து, "இந்த மண்டபத்தின் வரியில் 88 சதவீதம் நான் ஒருவன்தான் கட்டுகிறேன்" என்று சொல்லலாம். கணக்கு சரி. ஆனால் வாக்கியம் பாதிதான். மிச்சப் பாதி இது: "இந்த மண்டபத்தின் வருமானத்தில் 62.5 சதவீதம் என் ஒருவனுக்குத்தான் வருகிறது." வரி கட்டிய பிறகு மிஞ்சும் பணத்திலும் 54 சதவீதம் அவரிடமே. மூன்று எண்களையும் ஒன்றாக வைத்தால்தான் ஏற்றத்தாழ்வு பற்றி ஏதாவது சொல்ல முடியும். வரியில் பங்கை மட்டும் சொன்னால் அது ஏற்றத்தாழ்வைப் பற்றிய பேச்சே இல்லை.

அப்புறம் இதைச் செய்து பாருங்கள். மற்ற ஒன்பது பேர் சம்பளமும் அப்படியே இருக்கட்டும், சட்டமும் அப்படியே இருக்கட்டும். கடைசி ஆளின் வருமானம் மட்டும் 30 லட்சமாகட்டும். அவர் வரி 11,59,604. மொத்த வரியில் அவர் பங்கு 92 சதவீதம். போன வருடம் 88, இந்த வருடம் 92. செய்தித் தலைப்பு என்ன வரும்? "பணக்காரர்கள் மீது வரிச்சுமை ஏறுகிறது." நடந்தது என்ன? அவருடைய வருமானப் பங்கு 62.5இலிருந்து 71.4 ஆனது. ஏற்றத்தாழ்வு கூடியதைத்தான் அந்த 92 காட்டுகிறது. புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில் ஒரு நிமிடம் பேசாமல் நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சராசரியையும் இங்கேயே பாருங்கள். முதல் கணக்கில் சராசரி வருமானம் 3,20,000. பத்தில் ஒன்பது பேர் அதற்குக் கீழே. வரிசையின் நடுவில் நிற்பவரின் வருமானம் 1,20,000. "சராசரித் தென்னாப்பிரிக்கர்" என்று யாராவது பேசினால், சராசரியா நடுமதிப்பா என்று கேளுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். நாற்காலிகளில் ஒன்றில் 66 வயதுக்காரரை 1,40,000 ரேண்ட் ஓய்வூதியத்தோடு உட்கார வையுங்கள். அவருக்கு வரி இல்லை, 65 முதல் 74 வயது வரை வரம்பு 1,48,217. அதே தொகை வாங்கும் முப்பது வயதுக்காரர் 7,965 ரேண்ட் கட்டுவார். பூஜ்ய வரி என்பதால் பரம ஏழை என்றோ சோம்பேறி என்றோ பொருள் இல்லை.

6. உச்ச விகிதமும் உண்மையில் கட்டிய விகிதமும்

20 லட்சம் வாங்குகிறவர் "45 சதவீத அடுக்கில்" இருக்கிறார். ஆனால் அவர் கட்டியது வருமானத்தில் 35.5 சதவீதம். 45 என்பது 18,17,000க்கு மேலே உள்ள பகுதிக்கு மட்டும்.

இது தெரியாததால் கைநஷ்டப்படுகிறவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒருவர், "ஓவர்டைம் வேண்டாம்மா, அடுத்த அடுக்குக்குப் போனா மொத்தச் சம்பளத்துக்கும் 26 பிடிச்சிடுவாங்க" என்று மறுத்தார். அவருடைய ஆண்டுச் சம்பளம் சரியாக 2,37,100 என்றே வைப்போம். கூடுதலாக 1,000 ரேண்ட் வந்தால் கூடுதல் வரி 260. மிச்சம் 740 அவருடையது. காகிதத்தில் போட்டுக் காட்டிய பிறகுதான் நம்பினார். ஓவர்டைம் வந்த மாதத்தில் பிடிப்பு அதிகமாகத் தெரிவதற்குக் காரணம் வேறு. அந்த மாதச் சம்பளத்தையே ஆண்டு முழுக்க வாங்குவது போல எண்ணிப் பிடிக்கும்போது அப்படி ஆகும். கூடுதலாகப் பிடித்தது மதிப்பீட்டின்போது நேராகிவிடும்.

விவாதத்தில் யாராவது விகிதம் சொன்னால், அது அடுக்கின் விகிதமா, மொத்த வருமானத்தில் கட்டிய பங்கா என்று கேட்காமல் மேலே போகாதீர்கள்.

7. வருமான வரி ஒன்றே வரி என்று நினைக்காதீர்கள்

என் மனத்தை உறுத்தும் தவறு இதுதான். "வரி கட்டாதவர்கள்" என்று நாக்கில் நரம்பில்லாமல் சொல்லும்போது, சொல்லப்படுகிறவர் அதே தெருவில் இருப்பவர்.

அரசுக்கு வரும் மொத்த வரியில் தனிநபர் வருமான வரி ஏறக்குறைய 40 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. நாலில் ஒரு பங்கு வாட், அதாவது பொருள் வாங்கும்போது விலையோடு சேர்த்தே கட்டும் வரி. மிச்சம் கம்பெனி வரி, எரிபொருள் வரி, சுங்கம், கலால் மற்றவை. வருமான வரி அட்டவணையை நீட்டி "வரி" என்று பேசுகிறவர் பாதிக்கும் மேலான பணத்தை மேசைக்கு அடியில் தள்ளிவிடுகிறார்.

60,000 ரேண்ட் வாங்கும் நாற்காலிக்குத் திரும்புவோம். வாட் 15 சதவீதம். அரிசி, மீலி (சோள) மாவு, பிரவுன் பிரெட், பருப்பு, பால், முட்டை, சமையல் எண்ணெய், டின்னில் வரும் பில்சர்ட் மீன், காய், பழம் போன்றவற்றுக்கு வாட் பூஜ்யம். வீட்டு வாடகைக்கும் மினிபஸ் டாக்சிக் கட்டணத்துக்கும் வாட் இல்லை. ஆனால் கோழிக்கறி, சோப்பு, துணி, செருப்பு, கைபேசி ஏர்டைம், முன்கட்டண மின்சாரம் எல்லாவற்றிலும் உண்டு. வருடத்தில் 35,000 ரேண்ட் இப்படி வாட் உள்ள பொருளுக்குப் போகிறது என்று வைப்போம். விலைக்குள்ளேயே வரி இருப்பதால் 15 ஆல் பெருக்கி 115 ஆல் வகுக்க வேண்டும், 100 ஆல் வகுப்பது இன்னொரு வழக்கமான பிழை. விடை 4,565 ரேண்ட்.

பக்கத்து நாற்காலியில் 1,20,000 வாங்குகிறவர் கட்டிய வருமான வரி 4,365. "வரி கட்டாதவர்" என்று பெயர் வாங்கியவர் வாட் வழியாகவே அதைவிட அதிகம் கட்டியிருக்கிறார். அவருடைய வருமானத்தில் இது 7.6 சதவீதம். டாக்சிக் கட்டணத்துக்குள் மறைந்திருக்கும் பெட்ரோல் வரியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. பக்கத்து நாற்காலிக்காரரும் வாட் கட்டுகிறார், அதையும் அவருடைய கணக்கில் சேர்க்க வேண்டும். இந்தப் படியில் எந்த நாற்காலிக்கும் பூஜ்யம் வராது.

வாட் யார் கட்டியது என்று பெயர் வாரியாக சார்ஸ் அட்டவணை சொல்லாது. கடைதான் வசூலித்துக் கட்டுகிறது. எந்த வருமானக்காரர் எவ்வளவு தாங்குகிறார் என்று அறிய, ஸ்டாட்ஸ் எஸ்ஏ எடுக்கும் வீட்டு வரவு செலவுக் கணக்கெடுப்புக்குப் போக வேண்டும்.

8. ஆண்டுகளை ஒப்பிடும்போது

2023 மார்ச் முதல் 2026 பிப்ரவரி வரை மூன்று வரியாண்டுகளுக்கு அடுக்குகளும் கழிவும் மாறவில்லை. விலைவாசி ஏறியது, சம்பளமும் கொஞ்சம் ஏறியது, கோடுகள் நின்ற இடத்திலேயே நின்றன. ஆகவே வாங்கும் சக்தி கூடாமலேயே பலர் வரம்பைத் தாண்டினார்கள், சிலர் அடுத்த அடுக்குக்கு ஏறினார்கள். மேல் பிரிவுகளில் ஆள் கூடியதை வளர்ச்சி என்று எழுதுமுன், பழைய ஆண்டின் கோட்டைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்தி மறுபடி எண்ணுங்கள்.

அட்டவணையில் உள்ள "5 லட்சத்திலிருந்து 7.5 லட்சம்" போன்ற பிரிவு ஒரு பெட்டி. அதற்குள் இருக்கும் ஆட்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவார்கள். இந்த ஆண்டு வீட்டை விற்றவர் மேல் பெட்டிக்குப் போய் அடுத்த ஆண்டு இறங்கிவிடுவார். "மேல் பெட்டிக்காரர்கள் இன்னும் பணக்காரர் ஆனார்கள்" என்று சொல்ல, அதே ஆட்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவு வேண்டும். பிரிட்டோரியாவில் தேசியக் கருவூலத்தின் பாதுகாப்பான தரவு மையத்தில், பெயர் நீக்கிய வரித் தரவை வைத்து ஆய்வாளர்கள் அதைச் செய்கிறார்கள். வெளியிடப்பட்ட அட்டவணையை வைத்து நாம் செய்ய முடியாது.

9. இனமும் ஊரும்

வரிக் கணக்குப் படிவத்தில் இனம் கேட்கப்படுவதில்லை. ஆகவே "நம்ம ஆட்கள் இவ்வளவு கட்டுறோம், அவங்க இவ்வளவு கட்டுறாங்க" என்று வரி அட்டவணையைக் காட்டி யார் பேசினாலும், அந்த எண் அட்டவணையிலிருந்து வந்திருக்க முடியாது. எங்கள் மண்டபத்தில் இதற்கு விதி ஒன்று உண்டு: எந்தப் பக்கம், எந்தக் கட்டம் என்று காட்டும் வரை அந்த வாக்கியம் பலகையில் ஏறாது. இதுவரை யாரும் காட்டியதில்லை.

மாநகராட்சி வாரியான எண்கள் உண்டு. ஆனால் டர்பனின் மாநகராட்சியான ஈதெக்வினி என்ற ஒரே வரிசைக்குள் வசதிக்காரர்கள் வாழும் உம்லாங்காவும் இருக்கிறது, உழைப்பாளிகள் வாழும் உம்லாஸியும் இருக்கிறது, சாட்ஸ்வர்த்தும் ஃபீனிக்ஸும் குவாமாஷுவும் இருக்கின்றன. ஒரு சராசரி இந்த ஊர்களில் எதையும் சொல்லாது.

10. எழுதும் முன் வாக்கியத்தை நிரப்பிப் பாருங்கள்

புதியவர்களிடம் நான் கொடுக்கும் தாளில் இந்த ஒரு வாக்கியம் இருக்கும்:

"______ வரியாண்டில், தாக்கல் முடிந்து மதிப்பீடும் முடிந்த தனிநபர்களில் (எதிர்பார்த்தவர்களில் ______ சதவீதம்), வரிக்குரிய வருமானம் ______ ரேண்டுக்கு மேல் உள்ள ______ பேர், அந்தப் பட்டியலின் மொத்த வருமானத்தில் ______ சதவீதத்தைப் பெற்று, தனிநபர் வருமான வரியில் ______ சதவீதத்தைக் கட்டினார்கள்."

ஆறு கோடுகளையும் அட்டவணையைப் பார்த்தே நிரப்ப வேண்டும், நினைவிலிருந்து நிரப்பக் கூடாது. முதல் கோடு தடுமாறினால் படி 1க்குப் போங்கள். இரண்டாவதும் நான்காவதும் தடுமாறினால் படி 2. மூன்றாவது தடுமாறினால் படி 4. ஐந்தாம் கோட்டைக் காலியாக விட்டு ஆறாவதை மட்டும் நிரப்பினால் படி 5.

போன மாதம் முதன்முறை வந்த ஒரு தம்பி, "நூத்துக்கு மூணு பேர்" என்று ஆரம்பித்தவர், இந்தத் தாளோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார். ஐந்தாம் கோட்டுக்கு எண் தேடி எக்செல் பக்கங்களைப் புரட்டிக் கண்டுபிடித்தார். அதை எழுதி முடித்ததும் மேலே இருந்த தன் பழைய வாக்கியத்தைத் தானே பென்சிலால் அடித்துவிட்டு, "அக்கா, வாட் கணக்குக்கு எந்தக் கணக்கெடுப்புன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.